நீலத் தண்ணீரில் கரைந்த கொலுசு

செம்பட்டி ரோட்டில், வீடுகள் முடிந்து முள்காடு தொடங்குகிற இடத்தில் ஒற்றைத் தகரக் கொட்டகை நிற்கிறது. ஆசிட் புகைக்குப் பயந்து பக்கத்தில் யாரும் குடிவரவில்லை. அங்கே நாச்சிமுத்து தனியாக இருந்து வெள்ளி பிரிக்கிறார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் திண்டுக்கல் பட்டறைகள் கழித்துப்போடும் கலப்பு வெள்ளியிலிருந்து செம்பை விலக்கி வெள்ளியை எடுக்க, அவரைப்போல ஓர் ஆள் இன்னும் பிறக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவன் வந்தாலும் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

ஆசிட்டில் போட்டால் இரண்டும் கரைந்து தண்ணீராகிவிடும். அதில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளி மட்டும் தயிர்போலத் திரண்டு அடியில் இறங்கும். செம்பு உப்புக்கு மசியாது. நீலமாக மேலேயே நிற்கும்.

அன்று அவர் கரைத்தது சுப்புத்தாயின் கொலுசை. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. ஆயக்குடியில் மகள் ஜீவிதாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் அரைஞாண் கட்ட வேண்டும். அம்மாவின் கொலுசிலேயே சுத்த வெள்ளியாகச் செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். இருபது வயதில், முதல் கூலியில், பழனித் திருவிழாக் கூட்டத்தில் வாங்கிய கொலுசு அது.

கொட்டகை போட்ட புதிதில், முதல் உருக்குக்கு அதைத்தான் கேட்டார். சுப்புத்தாய் தரமாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் தலையெடுப்பதைவிட அவளுக்குக் கால் மினுக்குத்தான் பெரிது என்று முப்பது வருடம் குத்திக்காட்டினார். அவள் பதிலே பேசியதில்லை. ஊரார் வெள்ளியையெல்லாம் உரசிப் பார்த்தவர், தான் வாங்கியதாயிற்றே என்று அதை மட்டும் உரசிப் பார்க்கவில்லை.

புகை அடங்கியதும் பாத்திரத்தில் மயில்கழுத்து நீலம். பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு உப்புத் தண்ணீரை ஊற்றினார். கொஞ்சம் வெள்ளையாகத் திரண்டது. கிளறிவிட்டு மறுபடி ஊற்றினார். ஒன்றும் இறங்கவில்லை. இன்னொரு குவளை ஊற்றினார். நீலம் அப்படியே நின்றது. அடியில் கிடந்தது ஒரு கரண்டி வெள்ளை. மற்றதெல்லாம் செம்பு.

அலமாரியில் வேறு வெள்ளி இருந்தது. அதில் செய்து கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அலமாரிக் கதவில் கை வைத்தவர், வெகுநேரம் கழித்துப் போனை எடுத்து ஜீவிதாவை அழைத்தார்.

"தாயி, அந்தக் கொலுசு அம்புட்டும் செம்பு. நாந்தேன் ஏமாந்து வாங்கியிருக்கேன்."

ஏமாந்தேன் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.



"தெரியும்ப்பா. நீங்க கொட்டகை போட்டப்பவே அம்மா கடைல குடுத்து உரசிப் பாத்துருச்சு. காலேஜுக்குப் போட்டுட்டுப் போக நான் கேட்டப்ப எங்கிட்ட சொல்லுச்சு. அப்பாகிட்ட மூச்சு விட்டுறாத, மனுசன் ஒடஞ்சு போவாருன்னுச்சு."

பிறகு ஜீவிதாவே கேட்டாள்.

"இருக்கற வெள்ளில ரெண்டு மணி வருமாப்பா? கயித்துல கோத்துக் கட்டிக்கிருவோம்."

வரும் என்றார். போனை வைத்ததும் ஒரு கரண்டி வெள்ளையை வடிகட்டி, நல்ல தண்ணீர் விட்டு விட்டு, நீலம் துளியும் ஒட்டாமல் கழுவிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் எந்த வெள்ளிக்கும் அவர் அவ்வளவு தண்ணீர் செலவழித்ததில்லை.