அழிப்பதற்கு முன் ஒரு வரி

ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் ஆனந்தவள்ளியைக் கம்ப்யூட்டர் அக்கா என்றால்தான் தெரியும். பகலில் கல்லூரி லேபில் வேலை. மற்ற நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றிக்கொள்ளக்கூடிய ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தமிழ் அறிமுகக் கையேட்டைப் புதுப்பிப்பாள். தன் கையால் செய்து பார்க்காத ஒரு வரியைக்கூட அதில் ஏறவிட மாட்டாள். அதில் அவளுக்கு உடும்புப்பிடி.

போன மாதம் முசிறியிலிருந்து ரெங்கராஜ் என்ற வாழைக்காய் வியாபாரி போன் செய்தார். கையேட்டைப் பார்த்து ஏற்றினாராம். மகளின் கல்யாணப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. ஆனந்தவள்ளி உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்பதை அழுத்தச் சொல்கிறது ஒரு வரி. பழையதெல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை அதற்குக் கீழே! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எச்சரிக்கையை மேலே ஏற்றி அனுப்பினாள். தமிழ்க் குழுவின் பொறுப்பாளர் பிராங்க்ளின் மசியவில்லை.

"எல்லா மொழியிலயும் இதே வரிசைதாங்க. முழுசாப் படிச்சிட்டுத்தானே ஆரம்பிப்பாங்க?"

மறுநாள் புதுப் பதிப்பு வெளியாகிறது. அவர் தலையாட்டாவிட்டால் பழைய பக்கமே போய்விடும்.

"சரிங்க சார். உங்க வீட்ல அவங்களையே ஏத்தச் சொல்லிப் பார்ப்போம். நாம யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

மாலையே தில்லைநகரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் மனைவி ஸ்டெல்லா பிளவுஸுக்கு எம்ப்ராய்டரி போடுபவர். சேர்த்து வைத்த டிசைன்களெல்லாம் அந்த லேப்டாப்பில்தான். அதனால் தடுக்கத் தயாராகவே ஆனந்தவள்ளி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்வதுபோல ஒரு வரி படித்தார், செய்தார். அடுத்த வரிக்குப் போனார். பிராங்க்ளின் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'முழு டிஸ்க்கையும்' வந்தது. ஸ்டெல்லாவின் விரல் தயங்காமல் இறங்கியது.

"ஐயோ, அமுக்காத!" பிராங்க்ளின் பாய்ந்து மனைவியின் கையைப் பிடித்துவிட்டார். "உன் டிசைன் எல்லாம் போயிடும்!"

"அதை முன்னாடியே எழுதி வெச்சா என்னவாம்?" என்றார் ஸ்டெல்லா.

ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. "முசிறியில கையைப் பிடிக்க ஆள் இல்லைங்க சார்."

பிராங்க்ளின் தன் மேசைக்குப் போய்த் திருத்தத்துக்குச் சம்மதம் கொடுத்தார். பிறகு போனைக் கையில் எடுத்தார்.

"அந்த ரெங்கராஜ் நம்பரைச் சொல்லுங்க. நான்தான் பேசணும்."