ராணி மாளிகையின்ர யன்னல் அளவு

பத்தேப்பூர் சிக்ரிக்குப் போறதெண்டால் தண்ணிப் போத்தலும் தடிச்ச காலுறையும் கொண்டுபோங்கோ. அங்க தர்கா முற்றத்தில செருப்பைக் கழட்ட வேணும், மத்தியானத்தில கல் தோசைக்கல்லாய்ச் சுடும். ஆக்ராவில இருந்து பஸ்ஸில ஒரு மணித்தியாலம்தான், விடியவே வெளிக்கிட்டால் நல்லது. இன்னொண்டு: சம்பூரில இருந்து இடம்பெயர்ந்த மனிசியைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நான் போய்ப் பட்டனான்.

எங்கட சம்பூர்க் காணியை விக்கிறதோ, அதில வீடு கட்டுறதோ எண்டு புருஷன் பெண்சாதிக்குள்ள பெரிய இழுபறி. சண்டைக்காலத்தில ஓடி வந்த நாளில இருந்து துறைமுகப் பக்கம் வாடகை வீட்டிலதான் சீவியம். அரசாங்கம் பிடிச்சு வைச்சிருந்த காணியைத் திரும்பத் தந்து கனகாலம். ஆனால் அதில அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். விப்பம் எண்டு நான் ஒற்றைக்காலில நிண்டனான். அவள் ஓமெண்டும் சொல்லேல்லை, ஏலாதெண்டும் சொல்லேல்லை. நாலு இடம் பாத்தால் மனம் மாறுவாள் எண்டுதான் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்.

சிக்ரி, முகலாய அரசர் ஒருத்தர் ஆசையாய்க் கட்டி, கொஞ்சக் காலம் இருந்திட்டு விட்டுட்டுப் போன நகரம். கைட் ஆங்கிலத்தில வரலாறு சொல்லிக்கொண்டு வந்தார். மனிசி அதைக் காதிலயே விழுத்தேல்லை. நேரே ராணி மாளிகைக்குள்ள பூந்து வாசலைத் தடவிப் பாத்தாள்.

“கதவெல்லாம் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள், பாத்தீங்களே!”

சம்பூரில எங்கட வீட்டு அத்திவாரத்தை முதல் தரம் போய்ப் பாத்த அண்டைக்கும் இதே சொல், இதே கோவம்தான். பிறகு அண்ணாந்து கூரையைப் பாத்தாள். பிறகு கிணறு எங்க எண்டு கேட்டாள்.

“இந்தச் சனத்தைத் திரும்ப எப்ப விடுவினமாம்? கேளுங்கோ.”

ஐயோ, வெக்கக்கேடு! நானூறு வருஷத்துக்கு முந்தின சனம்! கேக்காட்டி விடமாட்டாள், கேட்டன். கைட் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். தண்ணி இல்லாமல்தான் போனவை எண்டு கதை, ஒருதரும் திரும்பி வரேல்லை எண்டார்.

“தண்ணி இல்லாட்டிச் சரி,” எண்டாள், அரசரை மன்னிச்சுவிட்ட மாதிரி. “எங்கட கிணறு கோடையிலயும் வத்தாது.”

தர்காவில சலவைக்கல் யன்னலில நூல் கட்டி நேத்தி வைப்பினம். ரெண்டு சிவப்பு நூல் வாங்கினம். காணி விலைப்பட வேணும் எண்டு நான் என்ர நூலை இறுக்கிக் கட்டினன். அவள் கட்டேல்லை. விறுவிறெண்டு திரும்ப ராணி மாளிகைக்கு நடந்து, ஒரு யன்னலுக்குக் குறுக்கால நூலைப் பிடிச்சாள்.

“அங்கால பிடியுங்கோவன்!”

காவல்காரர் விசில் ஊதுறார், வெள்ளைக்காரர் படமெடுக்கினம், நான் நூலின்ர மற்ற நுனியில நிக்கிறன்! அவள் ஆறுதலாய் அளவு பாத்து முடிச்சுப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, காணி விக்கிற கதையை நான் மெல்ல எடுத்தன். அவள் நூலை எடுத்து மேசையில வைச்சாள். அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

போன மாதம் வீடு கட்டச் சம்பூருக்கு மேசன் வந்தார்.

“அடுப்படி யன்னல் என்ன அளவு, அக்கா?”

மனிசி கைப்பையில இருந்து நூலை எடுத்துக் குடுத்தாள். மேசன் பிடிச்சுப் பாத்து, “உது பெரிசு. மழைச்சாரல் எல்லாம் உள்ளுக்கு அடிக்கும்,” எண்டார்.

“அடிக்கட்டும். எனக்குக் கிணறு தெரிய வேணும்.”

மேசன் என்னைப் பாத்தார். நான் போய் மற்ற நுனியைப் பிடிச்சன்.