குண்டில் இருந்த பெயர்

தாராவியில் எனக்குச் சட்டை தைக்கும் தையல்காரர் வளைகுடா நாடொன்றில் பல வருடங்கள் இருந்தவர். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். கைக்கு வரும் எந்தப் பொருளையும் திருப்பி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்ப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"அங்க சனங்க ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனாவ, அண்ணாச்சி. போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு எங்க கடை வாசல்ல விழுந்துச்சு. அதுல, செஞ்ச நாடுன்னு ஒரு மேல்நாட்டுப் பேரு. வேற நாட்டுல இதே மாதிரி சனங்க கூடுனப்ப டிவியில வாழ்த்துனதும் அந்த நாடுதான்."

ஊசியில் நூலைக் கோத்தபடி தொடர்ந்தார்.

"எங்கிட்ட சட்டை தைக்கக் கொடுத்த வாத்தியார் ஒருத்தர் அந்த ஊர்வலத்துல போனாரு. ஜெயில்ல போட்டுட்டாவ."

அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைக் காட்டினார்.

"வந்தா கேப்பாருல்லா."

அந்த வாத்தியார் தாராவிக்கு எப்படி வருவார் என்று நான் கேட்கவில்லை.