சேட்டு தண்ணியில் இருந்த நாள்

லஸ்கர் சேட்டு அன்றைக்குத் தண்ணியில் இருந்தான். ஒரு குவார்ட்டரை முழுசாக இறக்கிவிட்டு மதகு ரூமில் குப்புறக் கிடந்தான். ஷட்டரைத் திறந்தபோது கீழே இருக்கிற ஜனத்துக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை, கூடப் பிறந்த அக்காவையே வெள்ளத்துக்குத் தாரைவார்த்தான். பம்மல் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை ஓடுகிற கதை இதுதான். அனகாபுத்தூரில் குவார்ட்டர் ஆஃப் ஆகிவிடும். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்போது ஃபுல் ஆகி, கூட ஒரு பொம்பளையும் சேர்ந்திருப்பாள். கதை என்றால் வளரத்தான் வளரும், அதைக் கட்டிப்போட முடியாது. ஆனால் நடந்தது வேறு. அதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு எந்தக் கதை ருசியாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலமேட்டு அணை என்றதும் மேட்டூர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். அடையாற்றில் போய் விழுகிற ஒரு சின்ன ஆற்றுக்குக் குறுக்கே, கருங்கல்லும் மண் கரையுமாக ஒரு கட்டு, நடுவில் இரும்பு ஷட்டர்கள். அவ்வளவுதான். நெல் வயலுக்குத் தண்ணீர் விடக் கட்டியது. எண்பதுகளில் அந்த வயல்களில் வெள்ளைக் கல் நட்டு மனை போட ஆரம்பித்ததும், அணைக்கு இனி வேலை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, இனிமேல் இது குடிதண்ணீருக்கு என்றது இலாகா. அப்புறம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்க, வெள்ளத்தைத் தடுப்பதும் இதே அணைதான் என்று இன்னொரு உத்தியோகமும் அதன் தலையில் ஏறியது.

"அது எப்டி சார்?" என்று சேட்டு ஒருநாள் இன்ஜினீயர் யக்ஞநாராயணனிடம் கேட்டான். "குடிக்கறதுக்குன்னா ரொப்பி வெச்சிக்கணும். வெள்ளத்துக்குன்னா காலியா வெச்சிக்கணும். ஒரே அண்டாவுல ரெண்டும் எப்டி சார் முடியும்?"

"அதான்பா நானும் இத்தனை வருஷமா யோசிச்சிண்டிருக்கேன்" என்றார் அவர். நல்ல மனுஷர். யோசிப்பது தவிர அவர் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

லஸ்கர் என்றால் அணைக் காவலாள். சேட்டுவின் வேலை கரையைக் காப்பது. காலையில் கரை மேல் நடந்து எலி வளை, நண்டு வளை பார்த்து அடைக்க வேண்டும். ஷட்டரின் பல் சக்கரத்துக்கு கிரீஸ் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்றாவது வேலை ஒன்று வரும். பல்லாவரம், குரோம்பேட்டை பையன்களெல்லாம் ஒரு சைக்கிளுக்கு மூன்று பேராக வந்து குதிப்பார்கள். 'ஆழம் அதிகம், குளிக்காதீர்' என்று ஒரு பலகை உண்டு. பையன்கள் பேண்ட்டைக் கழற்றி அதன் மேல்தான் மாட்டுவார்கள். சேட்டு விசில் ஊதிக்கொண்டு ஓடுவான்.

"யோவ் லஸ்கரு, இன்னாத்துக்கு ஊதற, மேட்ச் முட்ச்சிடுச்சா?"

"முட்ச்சிடும்டா, ஒன் மேட்ச்சு. மேல ஏறு, கய்தே!"

காணும் பொங்கலுக்கு இன்னும் மோசம். புளியோதரை, கரும்பு, குழந்தை குட்டி என்று கரை முழுக்கத் திருவிழா. அன்றைக்கு அவன் தொண்டை சாயங்காலத்துக்குள் செத்துவிடும். அத்தனை வருஷத்தில் ஒரு பையனைக்கூடத் தண்ணீருக்குக் கொடுத்ததில்லை என்பதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

அணைக்குக் கீழே ஆற்றோரம் ஓடைக்கரை காலனி. அங்கேதான் அவன் அக்கா கிளியம்மாள் குடியிருந்தாள். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அதனால் அவனுக்குக் கல்யாணமாகி தலை நரைத்த பிறகும் நடுத்தெருவில் வைத்துத் திட்டும் உரிமை அவளிடமே இருந்தது.

"ஊருக்கெல்லாம் தண்ணி காவக்காக்கற. கூடப் பொறந்தவளுக்கு ஒரு கொடம் தண்ணிக்கு வக்கு கீதாடா ஒனக்கு?"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. அணைத் தண்ணீர் குழாயில் ஏறி காலனி தலைக்கு மேலேயே டவுனுக்குப் போய்விடும். காலனிக் கிணறுகளில் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு இறங்கி, இறைத்தால் டீ டிகாஷன் கலரில் வரும். குடிக்க ஒரே வழி லாரித் தண்ணீர். லாரியும் காலனிக்குள் திரும்ப இடமில்லாமல் தரைப்பாலத்துக்கு அந்தாண்டை நின்றுவிடும். "தண்ணி வருது!" என்று எவளாவது ஒருத்தி கத்துவாள். அவ்வளவுதான். அடுப்பில் சோறு பொங்கினாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி, குடத்தைத் தூக்கிக்கொண்டு மொத்தக் காலனியும் பாலத்தில் இறங்கி ஓடும். கிளியம்மாளுக்கு முட்டிவலி. எப்போதும் கடைசிதான். அதுவும் பித்தளைக் குடம். பிளாஸ்டிக் நாறுகிறது என்று தொடமாட்டாள்.

"மொத ஆளா நின்னு ஒரே ஒரு தபா புடிக்கணும்டா" என்பாள், என்னவோ திருப்பதி போகிற மாதிரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழையே இல்லாமல் அணை வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு ஓர் ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டது. அணை ஏறிற்று. ஜனங்கள் தண்ணீரைப் பார்க்கவே கூட்டமாக வந்தார்கள். சுண்டல்காரன் கரை மேலேயே கடை போட்டான். தண்ணீர் ஷட்டரின் தலையைத் தொடப் போனபோது சேட்டுவுக்கு மட்டும் சுண்டல் இறங்கவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா வுட்டுக்கினே இருக்கலாம் சார்."

"எனக்குத் தெரியாதா சேட்டு? ஊரே தாகத்துல கிடக்கறச்சே தண்ணியை கடலுக்கு விட்டான்னு நாளைக்குப் பேப்பர்ல போட்டுக் கிழிச்சிடுவான். மேல கேட்டிருக்கேன். அவா அவாளுக்கு மேல கேட்டிருக்கா."

மேலே எவ்வளவு தூரம் போயிற்றோ, பதில் இறங்கி வரவில்லை. ஆபத்துக்கு ஊத அணையில் ஒரு சங்கு இருந்தது. அது முந்தின வருஷம் ரிப்பேருக்குப் போனது, திரும்பவே இல்லை.

மறுநாள் காலை பளீரென்று வெயில். காலனியில் துணி காயப்போட்டார்கள். ஆனால் மேற்கே ராத்திரி கொட்டிய மழை அப்போதுதான் அணைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் மண் கரைந்து உதிர ஆரம்பித்தது. கரை உடைந்தால் காலனி மட்டும் இல்லை, பாதி ஊர் போய்விடும். மேலேயிருந்து போன் வந்தது. ஒரேயடியாக எல்லா ஷட்டரையும் திற.

"சார், கொஞ்ச நேரம் குடு சார். கீய போய் சொல்லிட்டு வந்துடறேன். எங்க அக்கா கீது சார் அங்க."

யக்ஞநாராயணன் கரையைப் பார்த்தார். மண் விழுந்துகொண்டே இருந்தது. "முடிஞ்சவரைக்கும் பிடிச்சுப் பாக்கறேன். நீ ஓடு!"

சேட்டு சைக்கிளை மிதித்தான். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் ஏறும் கிறீச் சத்தம் கேட்டது. மனுஷரால் அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை. ஒரு வழியாகப் பாலத்தண்டை வந்து சேர்ந்தான். ஆற்றுக்கு இந்தாண்டைக் கரையில் சேட்டு, அந்தாண்டை காலனி, நடுவில் தரைப்பாலம். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, விசிலைக் கடித்து ஊதி, கைகளைக் குவித்து அடித்தொண்டையில் கத்தினான்.

"தண்ணி வருது! தண்ணி வருது!"

காலனி ஒரு நிமிஷம் அசையவில்லை. அப்புறம் குடங்கள் வந்தன. பச்சை, சிவப்பு, நீலம் என்று அத்தனையும் பாலத்தை நோக்கி ஓடி வந்தன.

அவனுக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, போ போ என்று ஆட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வா வா என்றுதான் தெரிந்தது. அவன் ஆட்ட ஆட்ட அவர்கள் வேகமாக ஓடி வந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால், முட்டியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு கிளியம்மாள். தம்பி குரலைக் கேட்டதும் வாசலில் இருந்தவள் முதலில் கிளம்பிவிட்டாள்.

"லாரி எங்கடா நிக்கிது?"

"அக்கா, லாரி இல்லக்கா! ஆறு! மேல ஏறுக்கா!"

"இன்னிக்கி நான்தாண்டா மொதல்ல! புட்ச்சிட்டு ஏறுறேன், இரு!" என்று சிரித்தாள்.

ஆறு திரும்புகிற இடத்தில் நாணல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. பின்னால் வந்தவர்கள் திரும்பி ஓடினார்கள். பாலத்தின் மேல் இருந்தவர்களைத் தண்ணீர் அள்ளிக்கொண்டது. பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தவர்கள் அதைக் கட்டிப்பிடித்து மிதந்து, வேலிகாத்தான் புதரில் சிக்கிக் கரையேறிவிட்டார்கள். சேட்டு சட்டையோடு குதித்தான். இரண்டு தடவை பித்தளை பளபளவென்று மின்னியதைப் பார்த்தான். மூன்றாவது தடவை இல்லை. அவனை ஆட்கள் கயிறு போட்டு இழுத்துப் போட்டபோதும், கை தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருந்தது.

கிளியம்மாள் சாயங்காலம் கீழே ஒரு முள் மரத்தில் கிடைத்தாள். தண்ணீர் அன்றைக்குக் காலனி வாசற்படி வரை வந்து, ஒரு வீட்டுக்குள்ளும் ஏறாமல் வடிந்துவிட்டது. காயப்போட்ட துணிகூட நனையவில்லை.

விசாரணைக்கு வந்த வெளியூர் அதிகாரி, வெள்ளம் வந்தபோது லஸ்கர் எங்கே இருந்தார் என்று காலனியில் கேட்டார். "அவரு தண்ணில இருந்தாரு சார்" என்று உண்மையைத்தான் சொன்னார்கள். அதிகாரி தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டுப் போனார். சேட்டுவை வேறு ஊர் கால்வாய்க்கு மாற்றினார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு குவார்ட்டர், ஆஃப் எல்லாம் வந்து சேர்ந்தது. அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை. எப்போதாவது ஊருக்கு வரும்போது காலனிப் பெண்கள் வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவனும் குனிந்துகொள்வான். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாத இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

சேட்டு ரிட்டையர் ஆகி ஊர் திரும்பிய பிறகு ஒரு காலை. மாரி டீக்கடையில், ஆட்டோ ஓட்டும் பொன்னுசாமி புதிதாக வந்த சவாரிக்கு இதே கதையைச் சுடச்சுடச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்பெஞ்சில் சேட்டு உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்கவில்லை.

"...ஃபுல்லா ஏத்திக்கினு மட்டையாயிட்டாம்பா. ஒரு கொரலு, ஒரே ஒரு கொரலு குட்த்திருந்தா அந்தம்மா பொயச்சிருக்கும்."

சேட்டு டம்ளரை பெஞ்சில் வைத்தான். பொன்னுசாமி திரும்பிப் பார்த்தான்.

"டேய் பொன்னுசாமி. நான் குடிக்கல, தூங்கவும் இல்ல. கொரலு குட்த்தேன்டா. குடிச்சிட்டு மட்டையாயிருந்தா, எங்க அக்கா இன்னிக்கும் வூட்ல குந்திக்கினு என்னைத் திட்டிக்கினு இருந்திருக்கும்."