குளிரில் மட்டும் ஓடும் விளையாட்டு

பேயோட்டுகிறவன் ஆவியை வெளியே விரட்டுகிறான். நான் செத்துப்போன கம்ப்யூட்டரின் ஆவியைப் பிடித்து, உயிரோடிருக்கும் கைப்பேசிக்குள் இறக்குகிறேன். இரண்டு தொழிலிலும் வாடிக்கையாளர் கடைசியில் நம்மைத்தான் திட்டுவார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் காதர் பாயின் கைப்பேசிக் கடையில், உறைகள் தொங்கும் சுவருக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே எனக்கொரு மேசை. அந்தக் காலத்தில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் திறந்தோமே, அந்த டாஸ் விளையாட்டுகளை ஆண்ட்ராய்டு போனில் ஓட வைப்பது என் வேலை. இதற்கு எமுலேட்டர் என்று ஒரு செயலி உண்டு. 'நான்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டர்' என்று விளையாட்டிடம் அது கூசாமல் பொய் சொல்லும். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போவது அதனால்தான். நான் ஒருமுறை சோறு பொங்கும் குக்கரின் சின்னத் திரையில் விமானமே ஓட்டியிருக்கிறேன். தரையிறக்குவதற்குள் சோறு குழைந்துவிட்டது. நம்பாதவர்கள் காதர் பாயைக் கேட்கலாம், அவரும் நம்பவில்லை. இந்தப் பழைய விளையாட்டுகளில் மாட்டி விரல் தேய்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

உட்காருவதற்கு முன்னால்

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், டை கட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் விளையாடிய கார் பந்தயம் வேண்டுமாம். அவரே வீட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார், திறந்தவுடன் முடிந்துபோகிறது என்றார். உங்களுக்கும் நடந்திருக்குமே. அந்த விளையாட்டு ஆமை வேகக் கம்ப்யூட்டருக்காக எழுதியது. இன்றைய போன் அதைக் குதிரையில் ஏற்றி விரட்டுகிறது. எமுலேட்டரில் வேக அளவு என்று ஓர் இடம் இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும். இரண்டு தட்டலில் சரியாகிவிடும் சமாசாரம்.

அவரோ போனையே ஏதோ மரணச் செய்தி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அங்கிள், நான் இன்னும் கார்ல ஏறவே இல்ல லா. அதுக்குள்ள செத்துட்டேன்."

பண்டமாரானிலிருந்து ஒரு அக்கா

லெட்சுமி அக்கா கோமுட்டர் ரயில் பிடித்துப் பண்டமாரானிலிருந்து வந்தார். அவருக்கு விளையாட்டு வேண்டாம், புருஷனுக்கு வேண்டும். புருஷன் பெயர் மணியம். துறைமுகத்தில் கொண்டேனர் லோரி ஓட்டியவர். சர்க்கரை முதலில் லோரியை நிறுத்தியது, அப்புறம் கிட்னியை. வாரம் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ் சென்டருக்குப் போய், தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். மனுஷன் போகமாட்டேன் என்கிறார். போன மாதம் பாதி நாள் போகவில்லை. இப்படியே விட்டால் நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"கல்யாணமான புதுசுல அண்ணன் வீட்டுக் கம்பியூட்டர்ல ஒரு கேம் விளையாடுவாரு. குகைக்குள்ள கீழ கீழ எறங்கிப் போறது. சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழாது" என்றார். அதை நான் கண்டுபிடித்து, அவர் கொண்டுவந்திருந்த புருஷன் போனில் ஏற்றும் வரை அக்கா கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். போகும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அப்ப அந்தச் சனியன் ஒடஞ்சு போகணும்னு சாபம் விட்டேன், அண்ணே. இப்ப அதுதான் அவரை உக்கார வைக்கணும்."

பதினெட்டு டிகிரி

அடுத்த வாரம் மணியமே வந்தார், பட்டன்களைச் சரி பண்ண. சென்டரில் இடது கையில் ஊசி குத்தியிருக்கும், அசைக்கக் கூடாது. ஆக முழு கீபோர்டும் ஒரே கட்டை விரலுக்குள் அடங்க வேண்டும். நடக்க, குத்த, கதவு திறக்க, ஓடிப்போக என்று நாலு பெரிய பட்டன்களைத் திரையின் வலது ஓரத்தில் அடுக்கிக் கொடுத்தேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. உடனே எனக்குப் பயம் வந்தது. வீட்டிலேயே படுத்து விளையாடிவிட்டால்?

பொய் தானாக வாயில் வந்தது. "மணியம், இது குளிர் தேசத்துக்காரன் எழுதினது. பதினெட்டு டிகிரிக்கு மேல சூடு போனா உள்ள இருக்கிற பூதமெல்லாம் வெறி பிடிச்சு, சேமிச்ச ஆட்டத்தையே தின்னுடும். நல்ல ஏர்கோன் இருக்கிற இடத்துல மட்டும் தொறங்க. உங்க சென்டர்ல எப்படி, குளிருமா?" என்றேன். கடையில் ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "எலும்பு வரைக்கும் குளிரும், அண்ணே. பொணத்தை வைக்கிற ரூம் மாதிரி."

இரண்டு பீப்

மணியம் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாளும் தவறவில்லை. அக்கா போன் பண்ணிச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமையோடு ஒருநாள் கிள்ளானுக்குப் போய்ப் பார்த்தேன். வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் போர்வைக்குள், எல்லோரும் கூரையைப் பார்த்தபடி. குழாயில் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருகிறது. பேச்சே இல்லை. மணியம் மட்டும் கட்டை விரலால் பூதம் குத்திக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டுக்குப் பாட்டு, இசை ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே பீப்தான். மெஷினுக்கும் அபாயம் என்றால் அதே பீப். மிஸி என்று எல்லோரும் கூப்பிடும் தமிழ் நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்து, மெஷினைப் பார்த்து, போனைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்: "அங்கிள், நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களா? இதுவும் பீப்ங்குது, அதுவும் பீப்ங்குது. எது சாகப் போகுதுன்னே எங்களுக்குத் தெரியல."

எட்டாவது தளம்

குகைக்குப் பத்துத் தளம். பத்தாவதில் ஒரு டிராகன், அதைக் கொன்றால் ஆட்டம் முடிந்துவிடும். மணியம் எட்டாவது தளத்தை எட்டிவிட்டார் என்று லெட்சுமி அக்கா சொன்னபோது அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "முடிச்சிட்டா போவாரா, அண்ணே?"

போனைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி மணியத்தை வரவழைத்தேன். அவர் டீக்கடைக்கு நடந்து போன நேரத்தில் வேக அளவைக் குறைத்தேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். பூதங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகம் திரும்புகிறவர்களைப் போல் நடந்தன. ஒரு கதவு திறப்பதற்குள் தும்மி முடித்துவிடலாம். இப்படியே போனால் டிராகன் முட்டையிலிருந்து வெளியே வரவே ஒரு வருடம் ஆகும் என்று காதர் பாயிடம் பீற்றிக்கொண்டேன். அவர் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். காற்றுக் குமிழியை விரலால் ஓரத்துக்குத் தள்ளியபடி, நிமிராமலே கேட்டார்: "ஆட்டத்தை நீங்க மெதுவாக்குறீங்க, பெரியவரே. அந்த ஆளு ஒடம்பை யாரு மெதுவாக்குறது?"

கறுப்புத் திரை

அது மணியத்துக்கு மெஷின் நாள். மதியம் கிள்ளானில் இருக்க வேண்டிய மனுஷன், காலையில் என் மேசைக்கு முன்னால் நின்றார். முகம் உப்பியிருந்தது. கால் செருப்புக்குள் போகவில்லை, வெளியே பிதுங்கியது. மூச்சு வாங்கியது. காதர் பாய் டீ சொல்லப் போனார். "குடிக்கிற தண்ணிக்கு டாக்டர் கணக்கு இருக்கு, பாய். ஒரு ஐஸ் கட்டி மட்டும்" என்று வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு போனை நீட்டினார். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. டிராகன் செத்துவிட்டது. அந்தக் காலத்து விளையாட்டு, வாழ்த்துச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு தடவை சென்டரைத் தவறவிட்டிருந்தார். இன்றும் போகாவிட்டால் இது இரண்டாவது.

"பதினோராவது தளம் ஒண்ணு இருக்கு, மணியம். ரகசியம். யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க, அண்ணே. மொத வாரமே வீட்ல அடுப்புப் பக்கத்துல வெச்சுத் தொறந்து பார்த்துட்டேன். நல்லாத்தான் ஓடுது. உடனே மூடி வெச்சிட்டேன்."

நான் போனைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"வேகத்தைக் கொறச்சதும் தெரியும். லோரிக்காரனுக்குக் கியர் எறங்கினது தெரியாமப் போகுமா?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "போகமாட்டேன்னு நாலு பேருக்கு முன்னாடி சத்தம் போட்டவன், அண்ணே. பொண்டாட்டி அழுதான்னு திரும்பப் போனா என்ன மரியாதை? கேமுக்காகப் போறேன்னு சொன்னா அசிங்கம் இல்ல. இப்ப அதுவும் முடிஞ்சிருச்சு. வேற பொய் ஏதாச்சும் இருந்தா குடுங்க. சீக்கிரம். லேட்டானா மிஸி சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுத்துடும்."

இன்னொன்றை ஏற்றினேன். மேலேயிருந்து கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அந்த வரிசை மறையும், அடுத்தது விழும். "இந்தக் கட்டைக்குக் காது உண்டு, மணியம். ரத்தம் சுத்துற மெஷின் சத்தம் பக்கத்துல கேட்டாத்தான் நேரா விழும். இல்லன்னா கோணிக்கும்" என்றேன். கோயில் ஐயர் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காதர் பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேன் சாவியை எடுத்தார். மணியத்தின் காலைத் தூக்கி நான்தான் உள்ளே வைத்தேன். விரல் வைத்த இடம் குழிந்து அப்படியே நின்றது.

மணியம் வேன் ஜன்னலை இறக்கி, "இதுல கடைசித் தளம் எது?" என்றார்.

"கிடையாது. கட்டை விழுந்துகிட்டே இருக்கும். ஜெயிக்கிற இடமே இல்ல. தோக்கிறதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்."

மிச்சமிருந்த ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முதல் கட்டையை அடுக்கினார். "அப்ப இது கேம் இல்ல, அண்ணே. இதுவே டயாலிசிஸ்தான்."

இன்னும் போய்க்கொண்டிருக்கிறார், கால் வீக்கம் முழுசாக வற்றவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பொய் தேய்ந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார், நானும் உத்தரவாதம் கொடுத்துவிட்ட கடைக்காரன் மாதிரி புதுசு மாற்றிக் கொடுக்கிறேன்.