பனாமாவுக்குப் போன ஆறு வால்கள்

மொழி கற்பிக்கிறவனை இரண்டு வகை மாணவர்கள் வதைப்பார்கள்: படிக்காதவர்கள், சொன்னதை அப்படியே படித்துவிடுகிறவர்கள். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் நான் ஸ்பானியம் கற்பித்தேன். என் பிழைகளைக் கண்டுபிடிக்க ஊரில் ஆள் இல்லாததால் தொழில் நிம்மதியாக நடந்தது.

வால் ஒட்டுதல்

கண்டிக்கு வடக்கே அலவத்துகொட ஊரைச் சேர்ந்த ஹனீபா நாற்பது வயது இரத்தினக்கல் வியாபாரி. பனாமாவில் கடை வைத்திருந்த அவருடைய நானா, அதாவது அண்ணன், பாஷை தெரிந்தால் வா, இல்லாவிட்டால் மச்சானைக் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் என்னிடம் வந்தபோது கப்பல் புறப்பட ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், இருந்தது.

முதல் பாடம்: ‘வாங்கு’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘கொம்ப்ரார்’. கடைசி ‘ஆர்’ஐ வெட்டிவிட்டு ஆளுக்கொரு வால் ஒட்ட வேண்டும். நான் கொம்ப்ரோ, நீ கொம்ப்ராஸ், அவர் கொம்ப்ரா, நாங்கள் கொம்ப்ராமோஸ், நீங்கள் கொம்ப்ராய்ஸ், அவர்கள் கொம்ப்ரான். வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேச மூன்றாவது வால். ஹனீபா கொப்பியை மூடினார்.

“எழுதினா மறந்துபோகும் மாஸ்டர். நான் ஓதி எடுக்கிறன்.”

நான்காவது வால்

ஓதினார். சிறுவயதில் குர்ஆன் பள்ளியில் பழகிய தாளத்தில், முன்னும் பின்னும் ஆடியபடி, ஆறையும் ஒரே மூச்சில். மகிழ்ந்துபோய், ‘நாங்கள் வாங்குகிறோம்’ என்பதை மட்டும் கேட்டேன். கண்ணை மூடி, கொம்ப்ரோவில் புறப்பட்டு, நான்காவதில் வந்து நின்றார். நேரே நான்காவதைச் சொல்லக் கூடாதா என்றேன்.

“கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைத் தாண்டாம அலவத்துகொடைக்கு எப்படி மாஸ்டர் போறது?”

திரைக்குப் பின்னால்

கப்பலுக்கு ஒரு கிழமை இருக்கையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாடிக்கையாளராகக் கதிரையில் உட்கார்ந்து ஒரு நீலக்கல்லைப் புரட்டினேன். ‘வாங்குகிறீர்களா?’ என்று அவர் கேட்க வேண்டும். ஆடத் தொடங்கியவர் பதறிப்போய் இரண்டாவது வாலில் சிக்கிக்கொண்டார். திரைக்குப் பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மனைவி மூன்றாவதைத் தனியாக, சுத்தமாகச் சொன்னார்: “கொம்ப்ரா?”

நான் அசந்துபோனேன். குரல் தொடர்ந்தது:

“நாள் முழுக்கக் காதுல விழுது மாஸ்டர். இவரை இங்க வச்சிட்டு என்னை அனுப்புங்க.”

பனாமாக் கடிதம்

போனவர் ஹனீபாதான். முதல் நாளே நானா அவரைக் கல்லாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, மச்சானை வரச்சொல்லி எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்த்தாராம். ஒரு சீமாட்டி நீலக்கல்லை எடுத்தாள். ஹனீபா கண்ணை மூடி ஆடத் தொடங்கினார். கல்லுக்காகப் பிரார்த்திக்கிறார் என்று எண்ணி அவளும் தலைகுனிந்து நின்றாள். மூன்றாவது வால் வந்ததும் ‘ஆம்’ என்று வாங்கிக்கொண்டாள். நானா கடிதத்தைக் கிழித்துவிட்டார். ஹனீபா எனக்கு எழுதினார்:

“இப்ப கடையில எல்லாரையும் ஆடி ஓதச் சொல்றார் நானா. அடுத்த வினைச்சொல்லை உடனே அனுப்புங்க.”

என் மாணவர்களில் ஸ்பானியத்தால் பிழைத்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் நான் ஆறு கிழமையாகத் திருத்தப் பார்த்த பழக்கத்தால்.