எண்பத்தைந்தில் நின்ற முள்

அப்பாவும் மாமாவும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அதனால் அவர்களுக்கிடையே நடக்க வேண்டிய பேச்சு முழுவதும் என் வழியாகப் போய் வந்தது. தொடங்கும்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. திருமுல்லைவாயிலில் நாங்கள் இருந்த வீடு அம்மா வழி மனையில் கட்டியது. மனையில் பாதி மாமாவுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக ஆவடிக்கு வந்தவர். எஞ்சின் பிரிவில் இருந்தார். அங்கே அப்ரண்டிஸ் இடம் வந்தபோது அவரே விண்ணப்பம் வாங்கி வந்து, மாமாவை மூன்று மாதம் படிக்க உட்கார வைத்து, தேர்வு எழுத அனுப்பினார். மாமா தேறினார். ஒன்பதாவது மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து, கார் கட்டப்போகிறேன் என்றார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பேசவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் நான்கடி இடைவெளியில் உட்காருவார்கள். மோட்டாரை நிறுத்தியாகிவிட்டதா என்று உங்கள் மாமாவைக் கேள் என்பார் அப்பா. நிறுத்தியாகிவிட்டது என்று சொல் என்பார் மாமா. நான் இருவர் முகத்தையும் பார்த்து இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். அம்மா இதில் தலையிடவில்லை.

கார் வீட்டின் பக்கச் சந்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. கிட் கார் என்பார்கள். பகுதி பகுதியாக வரும், வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். இரும்புக் குழாய்ச் சட்டம் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. எஞ்சின் விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது. அதில் மாமா வேகம் கூட்டும் டர்போ ஒன்றை ஏற்றியிருந்தார். மேல்கூரை இல்லை. வண்டி மொத்தமும் என் இடுப்பு உயரம்தான். முன்மூக்கு அதைவிடத் தாழ்வு. சத்தம் மட்டும் பெரிய வண்டிகளுடையது.

வண்டி ஓடியது. பத்து நிமிடம் ஓடியதும் கொதித்தது. அதுதான் அதன் ஒரே குறை என்று மாமா சொல்வார். இருதயம் ஒன்றுதான் சரியில்லை என்று டாக்டர் சொல்வதைப் போல.

எனக்கு அப்போதே எதையும் கட்டம் போட்டு எழுதும் வழக்கம் இருந்தது. பழைய கணக்கு நோட்டில் நான்கு பத்தி பிரித்து, நேரம், எத்தனையாவது ஓட்டம், டிகிரி, கேள்வி என்று தலைப்புப் போட்டேன். மாமா சோதனை ஓட்டம் போகும்போதெல்லாம் வெப்பமானியைப் படித்துச் சொல்வார், நான் எழுதுவேன். இரவு அந்த நோட்டு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அப்பா அதை எடுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள், பெரிய அலுமினிய ரேடியேட்டர் மாட்டியும் நூற்றைந்து காட்டுகிறது என்று நான் எழுதியிருந்த இரவு, அப்பா என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, ரேடியேட்டர் பெருசு போட்டாச்சு சரி. காத்து அதுக்குள்ளாறதான் போவணும்னு காத்துக்கு யாரு சொன்னா? கேளு உங்க மாமாட்ட."

மறுநாள் காலை கேட்டேன். மாமா முன்மூக்கில் கையை விட்டு ரேடியேட்டரின் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். ஓரமெல்லாம் சந்து, காற்று ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் குமணன்சாவடியிலிருந்து டிங்கர் அண்ணன் வந்தார். தகட்டு வேலைக்காரர், மாமாவின் பள்ளிக்கூடத் தோழர். அலுமினியத் தகட்டை மடித்துச் சுற்றிலும் அடைத்தார்கள். தொண்ணூற்றெட்டு.

அடுத்த வாரம், உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியே வரும் என்று அப்பா கேட்கச் சொன்னார். டிங்கர் அண்ணன் பானெட்டில் வரிசையாகக் கீறல் வெட்டி, மீன் செவுள் மாதிரி விரித்துவிட்டார். தொண்ணூறு. அதற்கடுத்து, ஃபேன் காற்றைத் தள்ளுகிறதா இழுக்கிறதா என்ற கேள்வி. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த ஃபேன்கள் பின்னால் போயின. எண்பத்தாறு.

மூன்று கேள்விகளையும் நோட்டின் நாலாவது பத்தியில் என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டேன். அதில் எனக்கு உறுத்தல் இருக்கவில்லை. கேட்டது நான்தானே.

அந்தச் சமயத்தில்தான் நசரத்பேட்டையில் ஷெட் வைத்திருந்த ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பவர். இப்படிப்பட்ட கார் கேட்டு அவரிடம் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் மனை பிரித்துத் தார் ரோடு மட்டும் போட்ட வெற்று லேஅவுட் ஒன்று இருந்தது. அதில் இருபது சுற்று விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். கொதிக்காமல் வந்தால் ஷெட்டில் பாதி மாமாவுக்கு, முதல் இரண்டு வண்டியும் மாமா கையால். கொதித்தால் பேச்சில்லை. வீட்டில் அம்மாவும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள்: இந்த மாதத்தோடு ஒரு முடிவு தெரியாவிட்டால் எங்கேயாவது வேலையில் சேர வேண்டும். மாமா இரண்டுக்கும் சரி என்றார்.

சனிக்கிழமை வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆயில் கூலர் மாட்டவும், பழைய ஓஸ் குழாய்களை மாற்றவும் அங்கேதான் வசதி. தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு, ஞாயிறு காலை புதுசாக ஊற்றி ஓட்டுவதாகத் திட்டம். நானும் நோட்டோடு போயிருந்தேன். அப்பா எதுவும் கேட்டு அனுப்பவில்லை. நானாகவே ஒரு கேள்வி யோசித்து வைத்திருந்தேன். ஃபேன் இரண்டுக்குப் பதில் மூன்று வைத்தால் என்ன.

டிங்கர் அண்ணன்தான் ஆரம்பித்தார். "இன்னா பாப்பா, இன்னிக்கு இன்னா கொஸ்டினு? இன்ஜினீரம்மா கேக்காம நாங்க போல்ட்டு முடுக்க மாட்டோம்."

கேட்டேன். மாமா ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இது நீயா கேக்கறது. இவ்ளோ நாளு கேட்டது உங்கப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினியா? அவரு அந்தாண்ட இருந்து உடறாரு, இந்தாண்ட எனக்கு வருது. நீ நடுவுல ஓஸ் பைப்பும்மா."

டிங்கர் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்று முழுவதும் என்னை ஓஸ் பைப்பு, ஓஸ் பைப்பு என்றே கூப்பிட்டார். மாமா கேலியாகச் சொன்னாரா, வேறு ஏதோ சந்தோஷத்தில் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாலாவது பத்தியில் இருந்த என் பெயரை மூன்று இடத்திலும் அழித்தேன்.

ஞாயிறு காலை மாமாவோடு கிளம்ப நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கிணற்றடிக்குக் கூப்பிட்டார். மாமா வெளியே பைக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. இங்க சந்து மேடு. வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்கி. தண்ணி ஊத்தினா காத்து தானா வெளிய வந்துரும். அங்க சமதரை. அப்படியே ஊத்தினா எஞ்சின் தலையில காத்து நின்னுக்கிடும். ஜாக்கி வெச்சு மூக்கைத் தூக்கிட்டு ஊத்தச் சொல்லு. மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விடணும். சொல்லிருவியா?"

தலையாட்டினேன். அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இதுவரை கேள்வியாக அனுப்பியவர் இந்த முறை நேராகச் செய்முறையையே சொன்னதும் என் கவனத்தில் படவில்லை. எனக்குள் ஓடியது ஒன்றுதான்: நான் ஓஸ் பைப்பு இல்லை.

மாமா ஷெட்டில் இறங்கியதும், கையுறையை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இன்னிக்கு கேள்வி ஒண்ணும் இல்லியா?"

"இல்ல" என்றேன்.

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல மாமா."

மாமா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. டிங்கர் அண்ணன் பக்கம் திரும்பி, ஊத்து என்றார். சமதரையில் நின்ற வண்டியின் தாழ்ந்த மூக்கில், ரேடியேட்டர் வாய் நிரம்பி வழியும்வரை கூலன்ட் கலந்த பச்சை நிறத் தண்ணீரை ஊற்றினார்கள். வழிந்ததும் மூடியைத் திருகினார்கள்.

ஷெட்காரரும் நானும் லேஅவுட் முனையில் மனைக்கல் மேல் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைத் தாண்டும்போது மாமா வேகத்தைக் குறைத்து டிகிரியைக் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். முதல் சுற்று எழுபது. நாலாவது சுற்று எண்பத்திரண்டு. ஆறாவதிலிருந்து எண்பத்தைந்து. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றுக்கும் அதேதான். இவ்வளவு ஒழுங்கான எண்களை அந்த நோட்டு பார்த்ததில்லை. ஷெட்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, பரவாயில்லையே என்றார். பத்தாவது சுற்றில் மாமா எண்ணைச் சொல்லிவிட்டு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

பதினோராவது சுற்றில் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. தூரத்து வளைவில் வெள்ளையாகப் புகை மாதிரி எழுந்தது. நாங்கள் ஓடிப் போனபோது பானெட்டின் செவுள்களிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு, சீட்டை விட்டு இறங்காமல், முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதும் எண்பத்தைந்தில்தான் இருந்தது.

முள் பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றி இருந்ததைச் சொன்னது. அதற்குச் சூட்டை அளந்து சொல்லும் உணரி எஞ்சின் தலையின் மேல்முனையில் இருந்தது. அங்கே தண்ணீருக்குப் பதில் காற்று அடைபட்டிருந்தது. தண்ணீரில் முழுகாத உணரிக்கு, கீழே தண்ணீர் கொதிப்பது தெரியாது. இப்போது வண்டிகளின் குளிர்விப்புச் சோதனைதான் என் வேலை. எங்கள் சரிபார்ப்புத் தாளில் காற்று நீக்கம் என்பது முதல் வரி. அந்த வரியை நான் படித்துப் பார்க்காமல் டிக் செய்ததில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆயில் குச்சியை உருவியபோது அதில் டீ நிறத்தில் நுரை இருந்தது என்பதும், அதைப் பார்த்து டிங்கர் அண்ணன் கேலி எதுவும் செய்யவில்லை என்பதும்தான். எஞ்சின் கெட்டு எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அப்படி நுரைக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஷெட்காரர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா, எல்லாம் எம்பத்தஞ்சுனு எழுதிக்கீற? எம்பத்தஞ்சுல எப்டிமா கொதிக்கும்?" என்றார். பிறகு மாமாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "வண்டி நல்லாத்தான் கீது தம்பி. ஆனா முள்ளே இன்னா சொல்லுதுன்னு தெரியாத வண்டிய நான் எப்டி ஒருத்தன் கைல குடுப்பேன்?"

மாமா கையுறையைக் கழற்றினார்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். மாமா அவரைத் தாண்டி உள்ளே போனார். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் சொன்னதைச் சொன்னியாட்டி?"

"சொன்னேன்" என்றேன்.

அப்பா கையை விட்டார். சரி என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் பக்கச் சந்துக்குப் போய் நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்த மாமா அடுப்படியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சமதரைல ஊத்துனதுதாங்கா தப்பு. அவருக்குத் தெரியாதா இது? டெய்லி பாக்கற வேலை. ஒண்ணொண்ணுத்துக்கும் கேட்டு அனுப்புனாரு. அன்னிக்கு கேள்வி இல்லன்னு பாப்பா சொன்னதும், சரி, அவரே பாஸ் போட்டுட்டாருன்னு நெனச்சுதான் எறங்குனேன். ஜெயிச்சா நேரா வந்து அவராண்டதான் நின்னிருப்பேன். தெரிஞ்சுகினே உட்டுட்டாருக்கா."

அம்மா, விடுடா என்று மட்டும் சொன்னாள். நான் வகுத்தல் கணக்கை முடித்தேன்.

அடுத்த மாதம் மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். சட்டத்தையும் டர்போவையும் பெங்களூரிலிருந்து வந்த யாரோ எடுத்துப் போனார்கள். மாமா சொன்னதையும் அப்பா கேட்டதையும் நான் அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அடி விழாமல் தப்பித்தேன் என்பதோடு எனக்கு அந்த விஷயம் முடிந்திருந்தது. இருவரிடமும் இன்றுவரை சொல்லவும் இல்லை.

மாமாவின் முதல் சம்பள வாரத்தில் ஒரு மாற்றம் வந்தது. இரவுச் சாப்பாட்டில் அப்பா என்னைப் பார்க்காமல் நேராக மாமாவிடமே, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்டார். கட்டிட்டேங்க என்றார் மாமா. மழைக்கு முன் கூரை ஒழுகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. பார்த்துடறேங்க என்றார் மாமா. அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. கை கழுவிவிட்டு வேறு வேறு அறைக்குப் போனார்கள். அதன் பிறகு எல்லா நாளும் அப்படியே நடந்தது. என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவர்கள் முதன்முதலாக நேராகப் பேசிய அன்றிரவே நோட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பாவும் மாமாவும் ராசி ஆகிவிட்டார்கள் என்று தேதி போட்டு எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுத்தேன்.